முதல்முறை வகுப்பாசிரியர் ஆகிறவர்களுக்கு: பிள்ளைகளின் மனநலம் காக்க ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் கையில் தலைமையாசிரியர் கொடுப்பது ஒரு வருகைப் பதிவேடும் ஒரு கால அட்டவணையும். அந்த நாற்பது பிள்ளைகளின் மனநலமும் சேர்த்துத்தான் ஒப்படைக்கப்படுகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பி.எட். படிப்பில் பியாஜே, எரிக்சன் என்ற உளவியலாளர்களைப் பற்றி எழுதித் தேறியிருப்போம். எட்டாம் வகுப்புப் பையன் மூன்று நாளாக யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தால், நான்காம் நாள் காலையில் அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எந்தத் தேர்விலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ இந்த ஆண்டு முதல்முறையாக ஒரு வகுப்புக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரியவர்களிடம் காணும் மனநலச் சிக்கல்களில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்றும் அது சொல்கிறது. 14 வயது என்றால் நம் ஊரில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. அந்த வயதில் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி நம் கண் முன்னால்தான் கழிகிறது.

பயப்பட வேண்டாம். உங்களிடம் யாரும் வைத்தியம் எதிர்பார்க்கவில்லை. கவனிப்பது, காது கொடுப்பது, உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பது என்ற மூன்று வேலைகள்தான் உங்களுடையவை. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. “அவனுக்கு டிப்ரஷன்”, “இவளுக்கு ஏதோ மென்டல் ப்ராப்ளம்” என்று ஓய்வறையில் பேசும் பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே ஒட்டவிடாதீர்கள். அப்படி ஒட்டிய பெயர் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்வரை கூடவே வரும்.

முதல் மாதம்: இயல்பைத் தெரிந்துகொள்வது

ஒரு பிள்ளையிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இயல்பிலேயே பேசாத பிள்ளை பேசாமல் இருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓயாமல் வாயாடும் பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால்தான் பார்க்க வேண்டும். ஆகவே முதல் மாதத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் சத்துணவு சாப்பிடுகிறார்கள், யார் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள், யாரைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று பார்த்து வையுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுக்கலாம். வீட்டில் உன்னோடு யார் யார் இருக்கிறார்கள்? பள்ளி விட்டதும் என்ன செய்வாய்? மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய்? மூன்றாவது கேள்விக்கு “யாருமில்லை” என்று எழுதும் பிள்ளைகளும், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். உங்கள் கண் முதலில் நிற்க வேண்டிய பெயர்கள் அவை.

இந்த மாதத்தில்தான் எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, உதவித்தொகைப் படிவம், வங்கிக் கணக்கு விவரம் என்று எல்லாம் தலைமேல் வந்து விழும். அவசரத்தில் நாற்பது பேர் முன்னால் “அப்பா இல்லாதவங்கல்லாம் எந்திரிங்க” என்று ஆசிரியர்கள் கேட்டுவிடுவது உண்டு. போன ஆண்டு அப்பாவைப் பறிகொடுத்த பெண் அங்கே எழுந்து நிற்கிறாள். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. சிலர் எழுந்திருப்பதே இல்லை. அந்த உதவித்தொகையும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனாலும் ஒவ்வொருவரையாக மேசைக்கு அழைத்துக் கேளுங்கள். சாதி, பெற்றோரின் தொழில், பிரிந்து வாழும் பெற்றோர் என எல்லா விவரத்துக்கும் இதே முறைதான்.

எதைப் பார்ப்பது

உங்களிடம் இருக்கும் கருவிகளில் சிறந்தது வருகைப் பதிவேடு. மொத்த வருகை எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்தால் அது ஒன்றும் சொல்லாது. எந்தெந்த நாள் வரவில்லை என்று பாருங்கள். திங்கட்கிழமைதோறும் வராத பையன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது? அப்பா குடித்துவிட்டு வந்து விடிய விடியச் சண்டையாக இருக்கலாம். ஞாயிறு கூலி வேலைக்குப் போய்த் திங்கள் எழ முடியாமல் இருக்கலாம். குறிப்பிட்ட பாடவேளை இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா? மாதத்தில் மூன்று நாள் தவறாமல் விடுப்பு எடுக்கும் பெண்ணுக்குப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? பதில் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

அடுத்தது நோட்டு. வாரம் ஒருமுறை திருத்தத்தானே போகிறீர்கள். ஒழுங்காக இருந்த கையெழுத்து கலைகிறதா, பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றனவா, தாள் ஓட்டையாகும் அளவுக்குப் பேனாவால் கறுப்படித்திருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் சாவு பற்றிய வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் சிவப்பு மையில் ஒன்றும் எழுதாதீர்கள், வகுப்பில் படித்துக் காட்டவே காட்டாதீர்கள். நோட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துப் பேசுங்கள்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை: முதல் பெஞ்சிலிருந்து கடைசிக்கு இடம் மாறுவது, நெருங்கிய சிநேகிதியிடம் பேச்சை நிறுத்திக்கொள்வது, சாப்பாட்டை அப்படியே கொட்டுவது, வெயில் காலத்திலும் கையை முழுதாக மூடிக்கொண்டு வருவது, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, விளையாட்டு நேரத்தில் மைதானத்துக்கு வராமல் வகுப்பிலேயே இருப்பது. ஒரு நாள் நடந்தால் ஒன்றுமில்லை. யாருக்கும் மோசமான நாள் வரும். இரண்டு வாரமாகத் தொடர்ந்தால் பேச வேண்டும். கையை மூடுவதும் பொருள்களைக் கொடுத்துவிடுவதும் இந்த இரண்டு வாரக் கணக்கில் சேராதவை. முன்னது காயத்தை மறைப்பதாகவும் பின்னது விடைபெறுவதாகவும் இருக்கலாம் என்பதால், அவற்றைப் பார்த்தால் அன்றே பேசுங்கள்.

வருத்தம் எப்போதும் வருத்தமாகவே வெளியே வராது. பையன்களிடம் அது பெரும்பாலும் கோபமாக வரும். பெஞ்சை உதைப்பது, எதிர்த்துப் பேசுவது, அடிதடி என்று வெளிப்படும்போது நாம் தண்டனையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். மறுபக்கம், எந்தத் தொல்லையும் தராமல் சொன்னதையெல்லாம் செய்துகொண்டு மூலையில் இருக்கும் பெண்பிள்ளைகளை “தங்கமான பிள்ளை” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நம் கண்ணிலிருந்து தப்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தங்கமான பிள்ளைகள்தான்.

மனத்துக்கு முன்பு உடம்பு

தூங்கி விழும் பிள்ளைக்கு மனச்சோர்வு என்று முடிவு கட்டும் முன் காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு மதியம் சத்துணவு வரும்வரை வயிறு காலிதான் என்பது பல வீடுகளில் உண்மை. இரத்தசோகையும் அப்படித்தான்: களைப்பு, எரிச்சல், கவனமின்மை எல்லாம் அதனாலும் வரும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்களா, விழுங்குகிறார்களா என்று பாருங்கள். பிறகு கண்பார்வை, காது கேட்பது, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பது.

இவற்றுக்கு அடுத்தபடியாக, கற்றல் குறைபாடு. வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளை எழுத்தில் தடுமாறினால், எழுத்துகளை இடம் மாற்றி எழுதினால், அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்காக “மக்கு” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் எட்டாம் வகுப்பில் பள்ளி மேல் வெறுப்பு வருகிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் அவர்களை வரவழைக்கலாம். மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஜனவரி மாதம் இதற்காக ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

பேச்சைத் தொடங்குவது

இடம் முக்கியம். ஓய்வறை வேண்டவே வேண்டாம். அங்கே நான்கு ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். பூட்டிய அறையும் வேண்டாம். வேப்பமரத்தடி, வராந்தாவின் கோடி, நூலகத்தின் வாசல் போன்ற, மற்றவர் கண்ணுக்குத் தெரியும் ஆனால் காதுக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். பெண்பிள்ளை என்றால் ஆசிரியை பேசுவது நல்லது. “என்னைப் பார்க்க வா” என்று வகுப்பில் அழைத்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். “இந்த நோட்டுக் கட்டைத் தூக்கிட்டு வா” என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

“ஏன்” என்று தொடங்காதீர்கள். “ஏன் இப்படி இருக்கே?” என்பது பிள்ளைகளின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். பார்த்ததைச் சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“நாலஞ்சு நாளா நீ மத்தியானம் சாப்பிடாம உக்காந்திருக்கிறதைப் பார்த்தேன்.”

“பசிக்கலை டீச்சர்.”

“சரி. வீட்ல சாப்பிடுறியா?”

“…”

“சொல்லணும்னு இல்ல. நான் திட்டறதுக்குக் கூப்பிடல. நீ சரியா இருக்கியான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்.”

“ஒண்ணுமில்ல டீச்சர்.”

“சரிம்மா. இன்னிக்கு இல்லேன்னா பரவால்ல. வியாழக்கிழமையும் நான்தான் நோட்டுக்கட்டு எடுத்துட்டு வரச் சொல்வேன்.”

முதல் நாள் “ஒண்ணுமில்ல” என்பதுதான் பெரும்பாலும் பதில். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னபடி வியாழக்கிழமை நீங்கள் மறுபடி அழைக்கிறீர்களா என்று அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். நம்பிக்கை வருவது அந்த இரண்டாவது அழைப்பில்தான்.

பிள்ளை பேசத் தொடங்கியதும் நம் வாய் துடிக்கும். “இதெல்லாம் ஒரு விஷயமா”, “உங்க அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாங்க”, “உன் வயசுல நாங்கல்லாம்” என்ற மூன்றும் வாசலை அடைத்துவிடும் வாக்கியங்கள். பெற்றோரின் கஷ்டம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பல நேரம் அதுதான் நெஞ்சை அழுத்துகிறது. “கேக்கவே கஷ்டமா இருக்கு”, “இத்தனை நாளா இதை மனசுக்குள்ளேயே வச்சிருந்தியா”, “எங்கிட்ட சொன்னது நல்லது” என்றால் போதும். அழுதால் அழ விடுங்கள். தண்ணீர் கொடுங்கள். தீர்வை உடனே எடுத்து நீட்ட வேண்டியதில்லை.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்” என்று நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். செய்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. மீறாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிச் சொல்லலாம்: “உன்னைக் கேக்காம உன் விஷயத்தை யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்பவும் யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” இதைக் கேட்டபிறகும் பெரும்பாலான பிள்ளைகள் பேசுவார்கள்.

சாவைப் பற்றிப் பேசினால்

“நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி” என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதியிருந்தாலோ, விளையாட்டாகச் சொல்கிறான், பயமுறுத்துகிறாள் என்று தள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. மனநலத் துறையினர் ஒரே குரலில் சொல்வது, கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதுதான். கேட்டால் பிள்ளைக்கு ஒரு பாரம் இறங்குகிறது. ஆம் என்று பதில் வந்தால் “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?” என்பது அடுத்த கேள்வி. யோசித்து வைத்திருந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது.

அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியே விடக்கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். தலைமையாசிரியருக்குச் சொல்லுங்கள். பெற்றோரை நேரில் வரச் சொல்லுங்கள். சக மாணவரைத் துணை சேர்த்து வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வேலை வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்து என்ன செய்வது என்று கேளுங்கள். இது 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவசச் சேவை. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், ஆசிரியரும் அழைக்கலாம். பெற்றோர் வந்ததும், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்தவோ பூட்டி வைக்கவோ சொல்லுங்கள். விவசாயக் குடும்பங்களில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். இந்த எண்ணம் அலைபோல எழுந்து அடங்குகிற ஒன்று. அது உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். அன்றே அல்லது மறுநாளே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே முயன்று பிழைத்த பிள்ளையின் பெற்றோர், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனையில் உண்மையைச் சொல்லாமல் மறைப்பார்கள். கடும் மன அழுத்தத்தில் நடந்ததாகவே அதைக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பாலியல் தொல்லை என்று தெரிந்தால்

இங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. 1098க்கு அழைத்தால் குழந்தைகள் உதவி மையம் வழிகாட்டும். குற்றம் சாட்டப்படுபவர் சக ஆசிரியராகவோ உறவினராகவோ ஊர்ப் பெரியவராகவோ இருந்தாலும் இதில் மாற்றமில்லை. “குடும்ப மானம், பேசித் தீர்த்துக்குவோம்” என்று வருபவர்களிடம் நீங்கள் உட்காரவே கூடாது.

பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். உங்களிடம் ஒருமுறை, தலைமையாசிரியரிடம் ஒருமுறை, இன்னும் இரண்டு ஆசிரியர்களிடம் ஒவ்வொரு முறை என்று சொல்ல வைப்பது பிள்ளையை மறுபடி மறுபடி அந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவது. “இது உன் தப்பில்ல” என்பதைத் தெளிவாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம்

பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். அதனால் பிரச்சினை எதுவும் இல்லாத காலத்திலேயே ஒருமுறை பேசி வையுங்கள். “உங்க பையன் நேத்து வகுப்பில நல்லாப் படம் போட்டான்” என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். பின்னால் கடினமான பேச்சு வரும்போது அந்த ஒரு நிமிடம் கைகொடுக்கும்.

கடினமான பேச்சில் மனநோய், கவுன்சலிங் போன்ற சொற்களோடு ஆரம்பிக்காதீர்கள். “வீட்ல நல்லாத் தூங்குறானா? சாப்பிடுறானா? இங்க கொஞ்ச நாளா சோர்வா இருக்கான், அதான் கேட்டேன்” என்று தொடங்கலாம். பல அம்மாக்கள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோலக் கொட்டிவிடுவார்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றதும் “என் புள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்ற கேள்வி வரும். கோபப்படாதீர்கள், அது பயத்தில் வரும் கேள்வி. “காய்ச்சலுக்குப் போறோம்ல, அதே மாதிரிதான். சீக்கிரம் காட்டினா சீக்கிரம் சரியாகும்” என்று சொல்லுங்கள். மந்திரிக்க, தாயத்துக் கட்ட, கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறோம் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். “போயிட்டு வாங்க, டாக்டரையும் பாத்துருங்க” என்றால் இரண்டும் நடக்கும். அதை எதிர்த்தால் இரண்டாவது நடக்காது.

பிள்ளை உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் பெற்றோரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. காதல் விவகாரம் என்றால் மிகவும் யோசித்துப் பேசுங்கள். அந்த ஒரு தகவலால் படிப்பு நின்று, கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் வீடுகள் உண்டு.

எங்கே அனுப்புவது

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். ஆலோசனையும் மருந்தும் இலவசம். உங்கள் மாவட்டத்தில் எந்தக் கிழமை, எந்த அறை என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். “ஜி.ஹெச்.சுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னால் கூலி வேலையை விட்டு வந்த அம்மா புறநோயாளிச் சீட்டு வரிசையிலேயே சலித்துத் திரும்பிவிடுவார்.

மற்ற எண்கள்: 104 மாநில அரசின் மருத்துவ உதவி எண், தேர்வுக் காலத்தில் மாணவர்களுக்கு ஆலோசனையும் தருகிறது. 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகளுக்கானது, பிள்ளைகளே அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இவற்றைக் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் எழுதி வையுங்கள். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று நோட்டம் விடாதீர்கள்.

வகுப்பறையில் தினமும்

தனிப்பட்ட பிள்ளையோடு பேசுவதைவிட வகுப்பின் சூழல் பல மடங்கு வேலை செய்யும். மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். விடைத்தாளை மடித்துக் கையில் கொடுங்கள். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே அரசு 2017இல் நிறுத்திவிட்டது. அப்படியிருக்க, யூனிட் டெஸ்டுக்கு ரேங்க் எதற்கு? உடல் தண்டனையும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவில் தடைசெய்யப்பட்டவை; வெளியே நிற்க வைப்பது, பட்டப்பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் புண்படுத்துவதுதான். உடற்கல்வி வேளையைக் கணக்குக்குக் கடன் கேட்காதீர்கள். பல பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் மூச்சுவிடக் கிடைப்பது அந்த நாற்பது நிமிடம்தான்.

கேலி, ஒதுக்கி வைத்தல் என்று வரும்போது, நம் மாநிலத்தில் அதற்குள் சாதி இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்கு வராமல் இருந்ததும், விசாரித்தபோது உண்மையைச் சொல்லிப் புகார் கொடுத்த பிறகே தாக்கப்பட்டதும் அப்போது செய்திகளில் வந்தன. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நமக்கு இதில் நடைமுறைப் பாடம் உண்டு. ஒரு பிள்ளை புகார் சொல்லிவிட்டால், அன்று மாலை அது வீடு போய்ச் சேரும் வழி, ஏறும் பேருந்து, மறுநாள் உட்காரும் இடம் எல்லாமே பள்ளியின் பொறுப்பு. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி “கை குடுத்துக்கங்க” என்று முடித்து வைத்தால், பலவீனமான பிள்ளை இனி வாயே திறக்காது. அடித்தவனிடமும் தனியே பேசுங்கள். அவன் வீட்டிலும் யாராவது அவனை அடித்துக்கொண்டிருக்கலாம்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் “மாணவர் மனசு” பெட்டி உங்கள் பள்ளியில் இருக்கும். அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் யார் வந்து சீட்டுப் போடுவார்கள்? யாரும் பார்க்காமல் போடக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தேர்வும் முடிவும்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆசிரியராக இருந்தால் மே மாதம் உங்களுக்கு விடுமுறை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும் நாளுக்கு முன்பே, தேறுவது சந்தேகம் என்று உங்களுக்குப் படும் பிள்ளைகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். அதிக எதிர்பார்ப்போடு இருக்கும் முதல் பெஞ்சுப் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். 580 எதிர்பார்த்து 540 வாங்கியவரும் உடைந்து போவார். முடிவு செல்போனில் குறுஞ்செய்தியாக வந்துவிடும், பிள்ளை தனியே இருக்கும்போது. ஆகவே முந்தின நாளே பெற்றோரிடம் பேசுங்கள்: காலையில் யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள், எந்த மார்க் வந்தாலும் முதல் வார்த்தை திட்டாக இருக்க வேண்டாம், உறவுக்காரர்களுக்கு உடனே போன் போட வேண்டாம். முடிவு வந்ததும் பட்டியலில் உள்ளவர்களை அழையுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வரும், அதே ஆண்டே மேலே படிக்கலாம் என்று சொல்லி, விண்ணப்பிக்கும் தேதியையும் சொல்லுங்கள். வெறும் ஆறுதலைவிட அந்தத் தேதி அதிகம் உதவும்.

குறிப்பு எழுதுவதும் கைமாற்றுவதும்

ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, பார்த்தது, பிள்ளை சொன்னது, நீங்கள் செய்தது என்ற நான்கு மட்டும் போதும். “மன அழுத்தம் போல” என்று எழுதாதீர்கள். “மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, இன்று வகுப்பில் அழுதாள்” என்று எழுதுங்கள். பெயருக்குப் பதில் வரிசை எண் போடலாம். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், மேசை மேல் கிடக்கக் கூடாது. வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

இவ்வளவையும் ஒருவரே சுமக்க முடியாது. பள்ளியில் நீங்கள் நம்பும் ஒரு சக ஆசிரியரிடம், பெயர் சொல்லாமல், “இப்படி ஒரு பிள்ளை, என்ன செய்யலாம்” என்று கேட்கப் பழகுங்கள். இரவில் பிள்ளைகள் உங்கள் எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லி, 1098ஐயும் 14416ஐயும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டால் அந்த எண்கள் உங்களுக்கும்தான்.

ஆண்டு இறுதியில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். யாரைக் கவனிக்க வேண்டும் என்பதை அடுத்த வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்: இந்த நான்கு பேரைக் கொஞ்சம் பாருங்கள், இவளுக்கு மருந்து நடக்கிறது, இவன் சத்தம் போட்டால் நடுங்குவான், இவளிடம் கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்ச நேரம் விடுங்கள். தேவையானதை மட்டும் சொல்லுங்கள்; குடும்பக் கதை முழுவதும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், “புது சார்கிட்ட உன்னைப் பத்திப் பேசியிருக்கேன், நீ அவர்கிட்ட போகலாம்” என்று. வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு இந்தக் கைமாற்றம் தானாக நடக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம், மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வைத்துப் புதிய வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லி, அவர் சம்மதித்தால் அந்தப் பள்ளிக்கு நீங்களே ஒரு போன் செய்துவிடுங்கள்.